கறையான் கட்டிய புற்றும் குடியேறிய கதைகளும்

உயிரினங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் பொறியியலைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை வந்தால், அதில் மூன்று உதாரணங்கள் பெரும்பாலும் இருக்கும். நாயின் ரோமத்தில் ஒட்டிக்கொண்ட முள்காயைப் பார்த்து வெல்க்ரோ வந்தது. மீன்கொத்தியின் அலகைப் பார்த்து ஜப்பான் புல்லட் ரயிலின் மூக்கு வந்தது. கறையான் புற்றைப் பார்த்து ஜிம்பாப்வேயில் ஏசி இல்லாத கட்டடம் வந்தது.

முதல் இரண்டைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. மூன்றாவதைப் பற்றி உண்டு. கட்டடம் நிஜம், நன்றாகவும் வேலை செய்கிறது. ஆனால் அந்தக் கதையில் வரும் புற்று நிஜப் புற்று இல்லை. புற்றுக்குள் காற்று உண்மையில் எப்படி ஓடுகிறது என்பதை அளந்து பார்த்த முக்கியமான ஆய்வு ஒன்று நடந்தது ஆப்பிரிக்காவில்கூட இல்லை, சேலத்திலிருந்து 200 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரில். அதுவும் நம் ராசிபுரம், நாமக்கல் பக்கத்து மேட்டுக்காடுகளில் நாம் பார்க்கும் அதே மாதிரிப் புற்றில். ஹராரே கட்டடத்தைப் பற்றித் தெரிந்த நமக்கு வேலியோரப் புற்றைப் பற்றித் தெரியாமல் போனது எப்படி என்பதுதான் என் கேள்வி.

முதலில் கதை எங்கே தொடங்கியது என்று பார்த்துவிடலாம்.

1961இல் மார்ட்டின் லூஷர் என்ற ஸ்விட்சர்லாந்து விஞ்ஞானி ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் அவர் பார்த்த பெரிய புற்றுகளைப் பற்றியது. அவர் சொன்ன விளக்கம் இது: லட்சக்கணக்கான கறையான்களும் அவை வளர்க்கும் பூஞ்சையும் மூச்சுவிடுவதால் கூட்டின் நடுவில் சூடு உண்டாகிறது. சூடான காற்று மேலே போகிறது. அங்கிருந்து புற்றின் ஓரத்தில் இருக்கும் மெல்லிய குழாய்கள் வழியாகக் கீழே இறங்குகிறது. இறங்கும்போது மண்சுவரின் நுண்துளைகள் வழியாகக் கெட்ட காற்று வெளியேறி நல்ல காற்று உள்ளே வருகிறது, சூடும் கொஞ்சம் தணிகிறது. பிறகு திரும்பவும் கூட்டுக்கு. மூடிய ஒரு சுற்று.

கட்டுரையின் தலைப்பிலேயே ‘ஏர் கண்டிஷன்’ என்ற சொல் இருந்தது. பிழைத்தது அந்தச் சொல்தான். மற்றதெல்லாம் கைமாறக் கைமாற மாறிப்போனது. இன்று இணையத்தில் சுற்றும் படங்களில் புற்றின் உச்சியில் ஒரு பெரிய துளை, அடியில் பல துளைகள். கீழே குளிர்ந்த காற்று நுழைகிறது, மேலே சூடான காற்று வெளியேறுகிறது. சமையலறைப் புகைபோக்கி மாதிரி. லூஷர் சொன்ன மூடிய சுற்று திறந்த புகைபோக்கியாகிவிட்டது. திறந்த உச்சியோடு புற்று கட்டும் இனங்களும் உலகில் உண்டு. ஆனால் லூஷர் எழுதியது அவற்றைப் பற்றி இல்லை.

இது ஒரு பக்கம். லூஷரின் விளக்கமே பிறகு ஆட்டம் கண்டது என்பது இன்னொரு பக்கம். ஸ்காட் டர்னர் என்ற அமெரிக்க உயிரியலாளர் நமீபியாவில் பல வருடங்கள் புற்றுகளை ஆராய்ந்தார். அவரும் ரூபர்ட் சோர் என்ற பிரிட்டிஷ் பொறியியலாளரும் 2008இல் சேர்ந்து எழுதிய கட்டுரை ஹராரே கட்டடத்தையே எடுத்துப் பேசுகிறது. அவர்கள் சொன்னதன் சாரம்: நமீபியப் புற்றில் கூட்டின் வெப்பநிலையைக் காற்றோட்டம் கட்டுப்படுத்தவில்லை. கூடு மண்ணுக்குள் இருக்கிறது. வருடம் முழுக்க அது சுற்றியுள்ள மண்ணின் வெப்பநிலையோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. ஒரே நாளுக்குள் பெரிதாக மாறாமல் இருப்பதற்குக் காரணம் கறையானின் ஏசி இல்லை, மண்ணின் கனம். ஆழக் கிணற்றுத் தண்ணீர் வெயில் காலத்திலும் ஜில்லென்று இருக்கிறதே, அதே காரணம். கிணற்றுக்கு யாரும் ஏசி போடவில்லை.

அப்படியென்றால் மண்ணுக்கு மேலே அவ்வளவு உயரமாக எதற்குக் கட்ட வேண்டும்? கறையான்கள் அந்த மேட்டில் குடியிருப்பதுகூட இல்லை. டர்னரின் பதில், அது நுரையீரல் என்பது. வேலை மூச்சு விடுவது, குளிரூட்டுவது இல்லை.

எல்லாப் புற்றுக்கும் ஒரே விதி கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். யூடித் கோர்ப் என்ற ஆய்வாளர் ஐவரி கோஸ்ட்டில் வேறோர் இனத்தை ஆராய்ந்தார். காட்டு நிழலில் இருக்கும் புற்றும் வெட்டவெளியில் இருக்கும் புற்றும் வடிவத்தில் வேறுபடுவதையும், அந்த வடிவத்துக்கும் வெப்பத்துக்கும் தொடர்பு இருப்பதையும் காட்டினார். இனத்துக்கு இனம், இடத்துக்கு இடம் கதை மாறுகிறது. ‘கறையான் புற்று’ என்று பொதுவாக ஒன்று இல்லை. இந்தப் புற்று, அந்தப் புற்று என்றுதான் பேச முடியும்.

இனி நம் பக்கத்துப் புற்றுக்கு வரலாம். நம் செம்மண் காடுகளில் வேலியோரமும் வேப்பமரத்தடியிலும் நிற்பவற்றைப் பார்த்திருப்பீர்கள். மேலிருந்து கீழாகத் துணி மடிப்பு மாதிரி வரிவரியாகப் புடைத்து, உச்சி கூம்பி இருக்கும். பெரும்பாலும் இது ஒடோன்டோடெர்மெஸ் ஒபேசஸ் என்ற இனம் கட்டுவது. மழைக்குப் பிறகு ஈசல் கிளம்புவதும், புற்றுக்காளான் முளைப்பதும் இந்த வகைக் கறையான்களின் கூடுகளிலிருந்துதான். அந்தக் காளான், உள்ளே அவை வளர்க்கும் பூஞ்சையின் பூ என்று வைத்துக்கொள்ளலாம். உச்சியில் புகைபோக்கித் துளையைத் தேடினால் கிடைக்காது. வெளியே பார்த்தால் முழுக்க மூடிய மண்மேடுதான்.

ஹன்டர் கிங், சாமுவேல் ஒக்கோ, எல். மகாதேவன் மூவரும் பெங்களூரில் அளந்தது இதே இனத்தின் புற்றுகளைத்தான். மகாதேவன் சென்னை ஐஐடியில் பிடெக் படித்து, இப்போது ஹார்வர்டில் இருப்பவர். 2015இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் இந்தக் கட்டுரை வந்தது. அதுவரை இருந்த பெரிய சிக்கல் என்னவென்றால், புற்றுக்குள் ஓடும் காற்றை யாரும் நேரடியாகச் சரியாக அளக்கவில்லை. வேகம் ரொம்பக் குறைவு, நொடிக்குச் சில சென்டிமீட்டர். சாதாரணக் காற்றுமானி அசையாது. அதனால் சின்னச் சின்ன வெப்ப உணரி மணிகளை வைத்துத் தாங்களே கருவி செய்துகொண்டு, பகலும் இரவும் அளந்தார்கள்.

கிடைத்த பதில் எளிமையானது. புற்றின் வெளிப்பக்க மடிப்புகளுக்குள் மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன. நடுவில் ஆழமான குழாய். வெயில் ஏறும்போது வெளி மடிப்பு சீக்கிரம் சூடாகிறது, நடுப்பகுதி மெதுவாக. தகரக் கொட்டகையும் கருங்கல் சுவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பத்து மணிக்கே தகரம் கொதிக்கும், கல் அப்போதும் குளிர்ந்தே இருக்கும், அது மாதிரி. அதனால் பகலில் ஓரத்துக் குழாய்களில் காற்று மேலேறி நடுவில் கீழிறங்குகிறது. இரவில் வெளி மடிப்பு முதலில் ஆறிவிடும், நடுப்பகுதி சூட்டை வைத்திருக்கும். ஆகவே சுற்று அப்படியே தலைகீழாகிறது. ஒரு நாளில் இப்படி ஒரு பக்கமும் மறுபக்கமும் காற்று புரண்டு, கூட்டில் சேரும் கார்பன் டை ஆக்சைடு நுண்துளைச் சுவர் வழியாக வெளியேறுகிறது.

கவனியுங்கள், இந்த விளக்கத்தில் காற்றை ஓட்டுவது கறையானின் உடல் சூடு இல்லை. வெளியே அடிக்கும் காற்றும் இல்லை. பகலுக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசம்தான் இஞ்சின். லூஷரின் படத்தில் நடுவில் காற்று எப்போதும் மேலே போகும். இங்கே பகலில் நடுவில் கீழே வருகிறது. திசையே வேறு! உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்திருக்க முடியாத விஷயம் இது, அளந்ததால் தெரிந்தது.

இப்போது ஹராரேவுக்குப் போகலாம். ஈஸ்ட்கேட் என்ற அந்தக் கட்டடம் 1996இல் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் மிக் பியர்ஸ், பொறியியல் ஆரப் நிறுவனம். கடைகளும் அலுவலகங்களும் இருக்கும் பெரிய கட்டடம். வழக்கமான ஏசி கிடையாது, மின் செலவும் ஏசி கட்டடங்களைவிட நன்றாகவே குறைவு. எப்படி? கனமான கான்கிரீட் தளங்கள். இரவில் வெளியே இருக்கும் குளிர்ந்த காற்றை மின்விசிறிகள் தளத்தின் உள் இடைவெளிகள் வழியாகத் தள்ளுகின்றன. கான்கிரீட் குளிர்ச்சியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பகலில் அதன் வழியே வரும் காற்று குளிர்ந்து அறைக்குள் போகிறது. சூடான காற்று கூரைமேல் வரிசையாக நிற்கும் புகைபோக்கிகள் வழியாக வெளியேறுகிறது. ஜன்னல்களுக்கு வெயில் படாத நிழல்.

இதை விமர்சிக்கும்போது நியாயமாக இருக்க வேண்டும். அருமையான கட்டடம். அதன் ஒவ்வொரு பகுதியும் ஏன் இருக்கிறது என்று பொறியியல் கணக்கில் சொல்ல முடியும். ஆனால் அந்தக் கணக்கில் எங்கேயும் கறையானுக்கு வேலை இல்லை. புற்றில் விசிறி இல்லை, திறந்த புகைபோக்கி இல்லை, கூட்டின் குளிர்ச்சி காற்றோட்டத்தால் வருவதும் இல்லை. கறையான் யோசனையைத் தொடங்கி வைத்தது, அவ்வளவுதான். டர்னரும் சோரும் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான்: தவறான உயிரியலிலிருந்து நல்ல கட்டடம் பிறந்திருக்கிறது.

“நல்ல கட்டடம் கிடைத்ததல்லவா, உயிரியல் தவறாக இருந்தால் என்ன நஷ்டம்?” என்று கேட்கலாம். நஷ்டம் ஹராரேக்கு இல்லை, நமக்கு. ஹராரே கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஏற்காடும் அதே உயரம்தான். அங்கே மிகச் சூடான அக்டோபரில்கூடச் சராசரி உச்சம் 30 டிகிரியை ஒட்டியே இருக்கும், இரவில் 15 அளவுக்கு இறங்கும். அந்த இரவுக் குளிரைத்தான் கட்டடம் சேமிக்கிறது. சேலம் 300 மீட்டருக்கும் கீழே. ஏப்ரல், மே மாதங்களில் பகல் 38ஐச் சாதாரணமாகத் தொடும். இரவில் 25, 26 என்று நின்றுவிடும். சேமிப்பதற்கு என்ன இருக்கிறது? ஈஸ்ட்கேட்டை ஏற்காட்டில் கட்டலாம், ஆனால் ஏற்காட்டுக்கு அது தேவையில்லை. ஐந்து ரோட்டில் கட்டினால் மே மாதம் உள்ளே இருப்பவர்கள் வெந்துபோவார்கள். ‘கறையானின் தத்துவம்’ என்று சொல்லிவிட்டால் எந்த ஊருக்கும் பொருந்தும் போலத் தோன்றுகிறது. ‘இரவுக் குளிரைக் கான்கிரீட்டில் சேமித்தல்’ என்று சொன்னால், “எங்க ஊர் ராத்திரி எவ்வளவு குளிரும்?” என்ற கேள்வி தானாக வந்துவிடும். பெயர் அந்தக் கேள்வியை மறைக்கிறது. என் புகாரின் மையம் இதுதான்.

நம் பகுதிப் பொறியியல் கல்லூரி ஒன்றின் மாணவர் கண்காட்சிக்கு ஒருமுறை போயிருந்தேன். கறையான் புற்று மாதிரியில் ஒரு வீட்டு அட்டை மாடல் வைத்திருந்தார்கள். உச்சியில் புகைபோக்கி, அடியில் துளைகள், நீலத்திலும் சிவப்பிலும் அம்புக்குறிகள். வைத்திருந்த பெண் தெளிவாகப் பேசினாள். “எந்த ஊர்ப் புற்றும்மா இது?” என்றேன். “கூகுள்ல எடுத்தது சார்” என்றாள். கல்லூரிச் சுற்றுச்சுவருக்குப் பின்னால் மஞ்சள் துணி கட்டி, குங்குமம் வைத்து ஒரு புற்று இருந்தது. வரும் வழியில் பார்த்தேன். அவளும் தினமும் பார்த்திருப்பாள். அவள் மேல் தப்பே இல்லை. புற்று என்றால் படத்தில் இருப்பது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அவள் படித்த கட்டுரைகள். அவற்றை எழுதும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

இதே வியாதி என் தொழிலிலும் இருப்பதால்தான் எனக்கு இது உறுத்துகிறது.

1959இல் பியர் பால் கிராஸே என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் கறையான்கள் கட்டுவதைக் கவனித்து ஒரு விஷயம் சொன்னார். மேஸ்திரி கிடையாது, பிளான் கிடையாது. ஒரு கறையான் வைத்த மண்ணுருண்டையே அடுத்த கறையானை அங்கே இன்னொன்று வைக்கத் தூண்டுகிறது. செய்த வேலையே அடுத்த வேலைக்கு உத்தரவு. இந்தக் கருத்திலிருந்தும், எறும்புகளை வைத்து நடந்த சோதனைகளிலிருந்தும் மார்கோ டோரிகோ 1992இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் எறும்பு அல்காரிதத்தை உருவாக்கினார். லாரி எந்தெந்த ஊருக்கு எந்த வரிசையில் போனால் டீசல் மிச்சம் என்பது போன்ற கணக்குகளுக்கு உதவுவது. நாமக்கல்காரர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. 2014இல் ஹார்வர்டில் வெர்ஃபெல், பீட்டர்சன், ராதிகா நாக்பால் மூவரும் தலைவன் இல்லாமல் தானாகச் செங்கல் அடுக்கும் சிறு ரோபோக்களைக் காட்டினார்கள். அதற்கும் கறையான்தான் தூண்டுதல்.

இவை நல்ல கடன்கள். ஏனென்றால் எடுத்தது எது, விட்டது எது என்று தெளிவாகச் சொல்கிறார்கள். எறும்பு அல்காரிதத்தில் வாசனைத் தடம் சீக்கிரம் ஆவியாவது அவசியம், நிஜ எறும்பில் அதற்கு அவ்வளவு பங்கில்லை என்று அந்தத் துறைக்காரர்களே எழுதியிருக்கிறார்கள். எறும்பு என்ற பெயரை எடுத்துவிட்டாலும் அந்த அல்காரிதம் நிற்கும்.

அதற்குப் பின்னால் வந்தது ஒரு மிருகக்காட்சி சாலை. சாம்பல் ஓநாய், திமிங்கிலம், மின்மினி, வௌவால், அந்துப்பூச்சி, குழியானை என்று ஆளுக்கு ஒரு பிராணி. கென்னத் சோரன்சன் 2015இல் இந்தப் போக்கைக் கடுமையாக விமர்சித்து எழுதினார். நான் சொன்ன இந்த ஆறு பிராணிகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, உள்ளே இருப்பது ஏற்கெனவே தெரிந்த பழைய சூத்திரங்கள்தான், மேலே தோல் மட்டும் புதிது என்று 2023இல் மூவர் கட்டுரை வெளியிட்டார்கள். அந்த மூவரில் ஒருவர் எறும்பு அல்காரிதம் தந்த அதே டோரிகோ!

ஓநாய் விஷயம் இன்னும் சுவாரசியம். 2014இல் வந்த அந்த அல்காரிதம் சோதனைகளில் அபாரமாக விடை கண்டுபிடித்தது. பிறகு 2019இல் ஒரு கட்டுரை அதன் குட்டை உடைத்தது. வழக்கமான சோதனைக் கணக்குகள் பலவற்றில் சரியான விடை பூஜ்யத்தில் இருக்கும். ஓநாயின் சூத்திரமோ தானாகவே பூஜ்யத்தை நோக்கி இழுக்கும். விடையைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் ஓநாய் தடுமாறுகிறது. இதையெல்லாம் தாண்டி, நம் கல்லூரிகளில் இன்னும் ஓநாயையும் திமிங்கிலத்தையும் சேர்த்துக் ‘கலப்பின அல்காரிதம்’ என்று ஆய்வுகள் வருகின்றன. பகுதிநேரப் பிஎச்டிக்காக ராத்திரி முழித்து வேலை பார்க்கும் ஆசிரியர்களின் வருடங்கள் இதில் போகின்றன. பெயர் மயக்குவதால் வரும் நிஜமான செலவு இது.

கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த மாதிரி என்று நம் ஊரில் சொல்வார்கள். அளந்தவன் ஒருத்தன், குடியேறுவது கதை.

ஆகவே ‘இயற்கையிடம் கற்றது’ என்று யாராவது எதையாவது காட்டினால் நான் மூன்று கேள்வி கேட்கிறேன். எந்த உயிர், எந்த ஊரில்? அதன் எந்தச் செயல்முறையை எடுத்தீர்கள், அதை யார் அளந்தார்கள்? அந்த உயிரின் பெயரை அழித்துவிட்டால் உங்கள் பொருள் நிற்குமா? ஈஸ்ட்கேட் மூன்றாவது கேள்வியில் மட்டும் ஜெயிக்கிறது. எறும்பு அல்காரிதம் மூன்றிலும். ஓநாய் ஒன்றிலும் இல்லை. ‘நம் முன்னோர் புற்றைக் கும்பிட்டதே இந்த அறிவியல் தெரிந்துதான்’ என்று வரும் வாட்ஸ்அப் செய்திக்கும் இதே மூன்று கேள்விதான். கும்பிட்டதால் பல புற்றுகள் ஜேசிபியிடமிருந்து பிழைத்திருக்கின்றன. அது பெரிய விஷயம், அதற்கு மேல் அறிவியல் சாயம் பூசத் தேவையில்லை.

பெங்களூர் ஆய்வை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்யலாம்? வீட்டைக் குளிர வைக்க அது உதவாது என்பதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். நொடிக்குச் சில சென்டிமீட்டர் காற்றில் யாருக்கும் வியர்வை அடங்காது. புற்றிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: கரண்ட் இல்லாமல், ஓட்டை இல்லாமல், மழையும் எலியும் உள்ளே வராமல், மூடிய இடம் ஒன்று எப்படி மெதுவாக மூச்சு விடலாம்? நாமகிரிப்பேட்டை மஞ்சள் மூட்டைக் குடோன், சேலத்து ஜவ்வரிசிக் குடோன், முட்டை அடுக்கி வைக்கும் அறை, இதிலெல்லாம் தேங்கும் காற்று ஒரு பிரச்சினை. ஒரு பக்கம் மெல்லிய சுவர், நடுவில் கனத்த சுவர், இடையில் குழாய்கள், மூச்சு விடும் மண்பூச்சு. இது உதவுமா என்பது கட்டி அளந்தால்தான் தெரியும். உதவாமலும் போகலாம். ஆனால் குறைந்தபட்சம் கேள்வி நம் ஊர் வெயிலுக்கும் நம் ஊர்ப் புற்றுக்கும் பொருந்துகிறது.

மண்பூச்சு என்றதும் இன்னொன்று. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ரெனே போர்ஜஸ் என்ற சூழலியலாளரும் தேஜஸ் மூர்த்தி என்ற சிவில் பேராசிரியரும் தங்கள் மாணவர்களோடு இதே இனம் மண்ணை எப்படி உருண்டையாக்கிக் கட்டுகிறது, கறையான் கைபட்ட மண் சாதா மண்ணைவிட எவ்வளவு உறுதி என்றெல்லாம் சோதித்திருக்கிறார்கள். உறுதி பல மடங்கு கூடுகிறது. புற்று மண்ணைக் குழைத்துத் தரை மெழுகிய நம் பாட்டிகளுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. ஆனால் எத்தனை மடங்கு, எந்த ஈரத்தில் என்ற கணக்கு பாட்டியிடம் இல்லை. கணக்கு இருந்தால்தான் நாளைக்கு ஒரு மேஸ்திரி அதை நம்பிச் சுவர் வைப்பார்.

ஆப்பிரிக்காவில் அளந்தார்கள், பெங்களூரில் அளந்தார்கள். இரண்டு இடத்து இரவும் நம் இரவைவிடக் குளிர். பகலுக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஓடும் புற்று, ராத்திரி 26 டிகிரியில் நிற்கும் நாமக்கல் மே மாதத்தில் எப்படி மூச்சு விடுகிறது? இதற்கு ஹார்வர்ட் வேண்டியதில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வெப்ப உணரிகள் சில, ஒரு சின்ன போர்டு, மே மாதத்தில் இரண்டு வாரம், புற்றை இடிக்காத பொறுமை. வெளி மடிப்பின் சூட்டையும் ஆழத்துச் சூட்டையும் மணிக்கு ஒருமுறை குறித்தாலே பாதி பதில் வந்துவிடும். கண்காட்சியில் மாடல் வைத்த அந்தப் பெண்ணே இதைச் செய்யலாம். அவள் கல்லூரிச் சுவருக்குப் பின்னாலேயே புற்று இருக்கிறது.